நியூ மெக்சிகோ கேட்ட கேள்வி

என் வீட்டுக்காரர் நெடுஞ்செழியனுக்கு அமெரிக்காவைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது. ஐம்பது மாநிலங்களின் தலைநகரம், பறவை, பூ, பட்டப்பெயர் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எந்த நடிகை எந்த ஊரில் பிறந்தாள், எந்த அணி எந்த வருஷம் கோப்பையைக் கோட்டை விட்டது, அதையும் சொல்வார். பெட்ரோல் போடக் காஸ் ஸ்டேஷனில் நிற்கும்போது வேறு மாநில நம்பர் பிளேட் கண்ணில் பட்டால் போதும், அந்த வண்டிக்காரனிடமே போய் அவன் ஊர்ப் பெருமையை அவனுக்கே விளக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். வீட்டில் பால் இருக்கிறதா, இல்லையா என்பது ஒன்றுதான் அவருக்குப் பிடிபடாத விஷயம்.

இப்படிப்பட்டவருக்கு மகளாகப் பிறந்தவள் தீக்ஷா. ஆஸ்டினில் படிப்பை முடித்ததும் சான் ஹோசேயில் வேலை கிடைத்தது. டெக்சாஸிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு மூன்று நாள் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று நின்றாள். காரை லாரியில் அனுப்பலாம், நீ விமானத்தில் போ என்றேன். கேட்கவில்லை. நாங்களும் கூட வருகிறோம் என்றேன். அதற்கு அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

"போன தடவை காலேஜுக்கு டிரைவ் பண்ணப்போ ஆஸ்டினுக்கு முன்னாடி இருக்கற ரவுண்ட் ராக் வரதுக்குள்ளயே எத்தனை கால் பண்ணீங்கன்னு பாருங்கம்மா. இட்ஸ் நாட் சேஃப். நீங்க கால் பண்றதுதான் டேஞ்சர்" என்றாள்.

அதனால் ஒரு சட்டம் போட்டாள். யாரும் கால் பண்ணக் கூடாது. எங்கே இருக்கிறாள் என்று போனில் பின்தொடரக் கூடாது. அவள் நிற்கும் இடத்திலெல்லாம் அப்பாவுக்கு ஒரு கேள்வி அனுப்புவாள். அவர் கூகுள் பார்க்காமல் பதில் சொல்ல வேண்டும். பதிலைக் கண்டுபிடித்தால் அவள் இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. "பெத்த புள்ளை எங்க இருக்குதுன்னு தெரிஞ்சுக்க நாங்க பரீட்சை எழுதோணுமா?" என்று கத்தினேன். அப்பாவும் மகளும் ஒரே மாதிரி சிரித்தார்கள்.

சனிக்கிழமை காலையில் அனுமார் கோயிலில் பூஜை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினாள். கார் தெருமுனை திரும்பியதும் என் போனை அணைத்து அவர் கையில் கொடுத்தேன். அது என்னிடம் இருந்தால் கை சும்மா இருக்காது என்று எனக்கே தெரியும். அதைச் சமையலறை டிராயரில் போட்டு மூடினார்.

முதல் நாள் ஒழுங்காகத்தான் போயிற்று. பத்து கார்களைத் தலைகீழாக மண்ணில் நட்டு வைத்திருக்கும் ஊர் எது என்று கேட்டாள். "அமரில்லோ!" என்று சோபாவிலிருந்து துள்ளினார். அடுத்தது, நாட்டிலேயே உயரமான இடத்தில் இருக்கும் தலைநகரம் எந்த மாநிலத்துடையது? "சான்டா ஃபே. நியூ மெக்சிகோ. பார்டர் தாண்டிட்டா எழில்!" என்று என் தோளைத் தட்டினார். பொழுது சாயும் நேரத்தில், அக்டோபர் வந்தால் வானம் முழுக்க பலூன் பறக்கும் ஊர் எது என்று வந்தது. ஆல்பகர்க்கி. அங்கேதான் ஹோட்டலில் தங்குகிறாள் என்று தெரிந்ததும் நானும் படுத்தேன். ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், மனிதர் படித்த படிப்பு ஒரு நாளாவது உபயோகப்பட்டது.

மறுநாள் காலையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது மெசேஜ் வந்தது. படித்தார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"என்ன கேட்டிருக்கா?"

"ஈஸிதான். அனுப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அந்த அறையில் அவருக்கு என்ன வேலை என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

குக்கர் வைத்தேன், ரசம் வைத்தேன், பீன்ஸ் பொரியல் பண்ணினேன். அடுத்த கேள்வி வரவில்லை. கதவைத் தட்டிக் கேட்டேன். "அங்கெல்லாம் பாலைவனம் எழில். டவர் இருக்காது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டினேன். "இந்நேரம் அரிசோனாவுக்குள்ள போயிருக்கோணும்" என்றார். குரலில் நேற்றைய துள்ளல் இல்லை.

சாப்பிடக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அந்த ரோட்டில் பதினெட்டு சக்கர லாரிகள் எப்படிப் பறக்கும் என்று எனக்குத் தெரியும். தெரியாத ஊரில், யாருமில்லாத வெட்டவெளியில், என் பெண் வண்டி கவிழ்ந்து கிடப்பது போலவே கண்ணுக்குள் வந்தது. இவர் முகத்தைப் பார்த்தால் இவர் கண்ணுக்குள்ளும் அதுதான் ஓடுகிறது என்று தெரிந்தது.

"கால் பண்ணுங்க."

"சட்டம் போட்டிருக்காளே..."

"சட்டத்தைத் தூக்கி அடுப்புல போடுங்க!"

அவர் போனை எடுத்து அழுத்தினார். காதில் வைத்தார். எடுத்துப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். "போகல எழில். லைனே போகல. ரிங்கே ஆகல."

நான் ஓடிப்போய் டிராயரைத் திறந்து என் போனை உயிர்ப்பித்தேன். அது எழுந்திருப்பதற்குள் கராஜ் கதவு கடகடவென்று மேலே போகும் சத்தம் கேட்டது. அந்தக் கதவை வெளியிலிருந்து திறக்கும் ரகசிய நம்பர் எங்களைத் தவிர ஒருத்திக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டு ஷ்யாமளா. நைட்டியோடு, கையில் மாவோடு, தலைதெறிக்க உள்ளே ஓடிவந்தாள். கெட்ட செய்தி கொண்டுவருகிறவர்கள் இப்படித்தான் வருவார்கள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடப்பாவிங்களா, நல்லாத்தானே இருக்கீங்க! ஏன் ரெண்டு பேரும் போனை எடுக்கல? அந்தப் பொண்ணு எனக்கு கால் பண்ணி அழுறா. இந்தாங்க, லைன்ல இருக்கா, பேசுங்க."

போனிலிருந்து தீக்ஷாவின் குரல் வந்தது. "அம்மா! ஆர் யூ ஓகே? அப்பாக்கு என்ன ஆச்சு? ஹாஸ்பிடல்ல இருக்கீங்களா?"

போன உயிர் திரும்பி வந்தது. என்னால் "சாமி, சாமி" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. பேசுகிறாள், மூச்சு விடுகிறாள், அழுகிறாள். எனக்கு அது போதும். ஷ்யாமளாவின் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

ஷ்யாமளா மேஜையில் கிடந்த அவர் போனை எடுத்துப் பார்த்தாள். "அண்ணா, இது ஏரோப்ளேன் மோட்ல இருக்கு. அப்புறம் எப்படி கால் வரும்?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. காலையில் வந்த கேள்விக்கு அவருக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கூகுளைத் தொட்டால் நேர்மை போய்விடும். கை தானாகப் போய்விடுமோ என்ற பயத்தில் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு யோசித்திருக்கிறார். யோசனை முடியவில்லை, போனை அப்படிப் போட்டதே மறந்துவிட்டது. அவள் அனுப்பியதும் வரவில்லை, கூப்பிட்டதும் வரவில்லை. என் போனோ அணைத்தபடி டிராயரில்.

"அனுப்பிட்டேன்னு சொன்னீங்களே!" என்று நான் எழுந்தேன். பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. "குப்புற விழுந்தாலும் மீசையில மண்ணு ஒட்டக்கூடாது உங்களுக்கு! அப்படி என்னத்தைத்தான் கேட்டா?"

"நியூ மெக்சிகோவுக்கு அரசாங்கமே அறிவிச்ச ஒரு கேள்வி இருக்குதாம். அது என்னன்னு..." என்று இழுத்தார். "பறவை தெரியும், பூ தெரியும். ஒரு மாநிலத்துக்குக் கேள்வி இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"சிவப்பா, பச்சையா?" என்றேன்.

அவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார்.

நியூ மெக்சிகோ பக்கம் நாங்கள் மூன்று பேரும் ஒரு முறை சுற்றுலா போயிருந்தோம். சாப்பிடப் போன இடத்தில் பரிமாறிய பெண், உங்களுக்கு ஊற்ற வேண்டிய மிளகாய்ச் சாறு சிவப்பா, பச்சையா என்று கேட்டாள். மெனு கார்டிலேயே இதுதான் எங்கள் மாநிலத்தின் கேள்வி என்று அச்சடித்திருந்தது. நானும் தீக்ஷாவும் படித்துச் சிரித்தோம். இவர் அப்போது பார்க்கிங்கில் நின்று, அந்த ஊர் வரலாற்றை எழுதி வைத்திருந்த பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே" என்றேன். அவர் போனை வாங்கி, "அப்பா நல்லா இருக்கேன் சாமி. அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றார். அந்தப் பக்கம் தீக்ஷா அழுகைக்கு நடுவில் சிரித்தாள். வீடியோவைப் போடச் சொன்னாள். அப்பாவை நிற்கச் சொன்னாள், நடக்கச் சொன்னாள், டாக்டர் மாதிரி மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ இப்ப எங்க நிக்கறே?" என்று அவர் கேட்டார்.

"கிராண்ட்ஸ்ல. ஒரு காஸ் ஸ்டேஷன்ல."

அவர் நெற்றி சுருங்கியது. "இன்னும் கிராண்ட்ஸ்தானா? காலையிலேயே கிளம்பினவ அதுக்கும் மேற்கால இருக்கற கேலப்பையே தாண்டியிருக்கோணுமே."

"கேலப் போயிட்டேன்ப்பா. அங்கதான் வெயிட் பண்ணேன். நீங்க ஆன்சர் பண்ணல. உங்க போன், அம்மா போன், ரெண்டும் வாய்ஸ்மெயில் போகுது. நீங்க ஒரு நிமிஷம்கூட லேட் பண்ண மாட்டீங்க. எனக்கு பயமா இருந்துச்சு." மூக்கை உறிஞ்சினாள். "ஐ டர்ன்ட் அரௌண்ட். வீட்டுக்கு வந்துட்டு இருந்தேன்."

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சொன்னவன் இந்தப் பெண்ணைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு பதில் வரவில்லை என்றதும் வேலை, கலிஃபோர்னியா எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காரைத் திருப்பியிருக்கிறாள். எங்களிடமிருந்து தப்பித்துத்தான் ஓடுகிறாள் என்று இரண்டு நாளாக நான் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவள் வண்டி தெருமுனை தாண்டிய நேரத்திலிருந்து, எப்படியாவது திரும்பி வந்துவிட மாட்டாளா என்றுதான் அனுமாரை வேண்டிக்கொண்டிருந்தேன். இதோ, திரும்பிவிட்டாள். வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விடிவதற்குள் வீட்டில் இருப்பாள்.

இவர் என் முகத்தைப் பார்த்தார். போனை என் கையில் கொடுத்தார்.

"தீக்ஷா, நாங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம்" என்றேன். "அங்கயே ஏதாச்சும் சூடாச் சாப்பிடு. மூஞ்சியக் கழுவு. அப்புறம் வண்டியத் திருப்பி மேற்கால போ, சாமி."

அந்தப் பக்கம் கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு "ஓகேம்மா" என்றாள்.

போனை ஷ்யாமளாவிடம் கொடுத்துவிட்டு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து அப்போதுதான் எனக்குப் பசித்தது.