கழிக்காத நான்கு

திண்டிவனத்தில் பஸ் ஏறியதிலிருந்து கலைமதிக்கு நிலைகொள்ளவில்லை. அன்று அமாவாசை. பாதி பஸ்களை மேல்மலையனூர் கோயிலுக்குத் திருப்பிவிட்டிருந்ததால் விழுப்புரம் வண்டியில் நிற்கவும் இடமில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறுகையால் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னா பரீட்சையா? நின்னுக்கினே படிக்கிற. இந்தா, இப்படி குந்து.” மல்லாட்டைக் கடலை மூட்டையை மடிக்கு ஏற்றிக்கொண்டு ஓர் அம்மாள் நகர்ந்தாள்.

அந்த ஒரு சாண் இடத்தில் உட்கார்ந்துதான் கலைமதியால் கணக்கைப் போட முடிந்தது.

அவள் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். அவளும் ஆய்வு மாணவன் சேரனும் ஆறு பரிமாண சூப்பர்கிராவிட்டி என்னும் ஈர்ப்புக் கோட்பாடுகளைச் சலித்துப் பார்க்கிறவர்கள். காகிதத்தில் அழகாக நிற்கும் பல கோட்பாடுகள் குவாண்டம் ஈர்ப்போடு ஒத்துப்போகாமல் உடைந்துவிடும். கோட்பாட்டுக்குள் இழைபோன்ற ஒரு சரத்தை ஓடவிட்டு, கோட்பாடு கேட்பதை அது தாங்குமா என்று பார்ப்பது ஒரு சோதனை. சேரனுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம், இதில் தேறிய ஒரு கோட்பாட்டைப் பற்றியது. தேறியது என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவள் கலைமதி. சரத்தின் கொள்ளளவு பன்னிரண்டு. கோட்பாடு கேட்பது ஒன்பது.

ஆனால் சரம் முழுதாக நகர்வதற்கே நான்கு போய்விடும். அதை அவள் கழிக்கவில்லை. மூன்று முறை போட்டுப் பார்த்தாள். மிச்சம் எட்டுதான்.

விழுப்புரம் பஸ் நிலையத்தில், பைண்டிங் வாசனை போகாத மூன்று ஆய்வேட்டுப் பிரதிகளோடு சேரன் நின்றான். ஐந்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டும்.

“இன்னாக்கா, மொகமே சரியில்ல?”

“நாலு கழிக்கல, சேரா. என் தப்பு. அது தேறாது.”

அவன் அந்தப் பக்கத்தைப் பிரித்து நின்றபடியே தானும் நான்கைக் கழித்துப் பார்த்தான். “அஞ்சு மணிக்கு மேல வந்து சொல்லக்கூடாதா?”

“முண்டியம்பாக்கம் வரைக்கும் அதத்தான் நெனச்சிக்கினு வந்தேன்.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது; கண்ணும் கலங்கியது.

ஜெராக்ஸ் கடையில் பிழைதிருத்தச் சீட்டு ஒன்றை அவள் தட்டச்சு செய்தாள்: ‘இக்கணக்கில் பிழை செய்தவர் கலைமதி.’ சேரன் அதை அழித்துவிட்டு ‘நாங்கள் பிழை செய்தோம்’ என்று மாற்றினான்.

“திருப்பி அனுப்பிட்டாங்கன்னா?”

“அனுப்பட்டும். பார்க்காம கையெழுத்துப் போட்டவன் நான்தான? பசைய எடுங்க, ஜல்தி.”

மூன்றிலும் ஒட்டி முடித்ததும் அவன் ஆட்டோ பிடித்துப் போனான். விரல்களில் பசை காயும்வரை கலைமதி அங்கேயே நின்று அவனுக்காக வேண்டிக்கொண்டாள். தனக்கென்று கேட்க எதுவும் தோன்றவில்லை.