டிலே பெட்டியும் ஆளுக்கொரு காதும்

கிட்டார் வாசிக்கிறவர்களிடம் கருத்துக் கேட்பது, குழாயைத் திறந்து வைத்துவிட்டு வெளியூர் போவதற்குச் சமம். அக்காவுக்கு இது தெரியாததல்ல. கூடப் பிறந்த தம்பியே கிட்டார்காரனாக வாய்த்திருக்கும்போது எப்படித் தெரியாமல் போகும்? இருந்தும் வலியப் போய் மூன்று பேரிடம் கேட்டாள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

கேட்டது ஒரு சின்ன அலுமினியப் பெட்டியைப் பற்றி. கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் தரையில் கிடக்கும். காலால் மிதித்தால் வேலை செய்யும். வாசித்ததை ஒரு கணம் பிடித்து வைத்திருந்து திரும்பச் சொல்லும். பிறகு இன்னொரு முறை, கொஞ்சம் தணிந்து. டிலே பெடல் என்பார்கள். கடையில் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் டிஜிட்டல். வாசித்ததை அச்சு அசலாகப் பிரதி எடுத்துத் திருப்பித் தரும். அக்கா செய்தது அனலாக். அதற்குள் இருக்கும் சிப், வரிசையில் நின்று தண்ணீர் வாளியைக் கைமாற்றுகிறவர்களைப் போல, சத்தத்தை ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கும். கைமாறும்போது கொஞ்சம் சிந்தத்தானே செய்யும்? சிந்துவது சத்தத்தின் கூர்மை. அதனால் ஒவ்வொரு எதிரொலியும் முந்தையதைவிட மங்கலாக, மெத்தென்று வரும்.

அக்கா முதலில் செய்த பெட்டி அப்படித்தான் இருந்தது. பெயின்ட்கூட அடிக்கவில்லை. சமையலறைக்கும் துணி காயப்போடும் இடத்துக்கும் நடுவே இருந்த மேஜையில், ஈயப் புகையை ஊதித் தள்ளிக்கொண்டே செய்து முடித்தாள். அன்றைக்கு அதைக் கேட்டபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஈயப் புகை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

முதலில் வந்தவன் பெட்டிக்கடை. நிஜமாகவே கடை வைத்திருப்பவன் அல்ல. அவன் காலடியில் பரப்பி வைத்திருக்கும் பெடல்களைப் பார்த்து யாரோ வைத்த பெயர் அது. வாசிப்பது கொஞ்சம், வாங்குவது நிறைய. அக்காவின் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாரம் வாசித்துவிட்டு வந்தான்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. ரெண்டாவது எதிரொலியே போர்வைக்குள்ள புகுந்துக்குது. மூணாவது இருக்கா இல்லையான்னே தெரியல. கொஞ்சம் பளிச்சுன்னு வேணும்."

அடுத்தது வாத்தியார். வீட்டின் முன்னறையில் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக் கொடுப்பவர். எதையும் பாதி வாக்கியத்தில் விட மாட்டார். "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா திரும்பி வர்ற நேரம் பத்தல. இன்னும் நீளமா இழுக்கணும். வாசிச்சது ஒவ்வொண்ணும் துல்லியமா திரும்பி வரணும், என்ன வாசிச்சோம்னு அதுல தெரியணும்."

மூன்றாவது மீசைக்காரர். விருந்துகளிலும் விழாக்களிலும் வாசித்தே முடி நரைத்தவர். முடிதான் நரைத்தது, மீசை இன்னும் கருப்பு. அந்த ரகசியத்தை யாரும் கேட்பதில்லை. அவருக்கு எதிரொலியில் குறையில்லை. "பின்னாடி புஸ்ஸுன்னு ஒரு காத்து வருதே, அது ஆகாது. அப்புறம் இந்தத் திருகற குமிழ் ரொம்பப் பொடிசு. பெரிசா போடு, சத்தமே மாறும்." குமிழைப் பெரிதாக்கினால் சத்தம் எப்படி மாறும் என்று அக்கா கேட்கவில்லை. மாற்றிப் போட்டாள். "பாத்தியா, இப்ப எவ்வளவு கனமா இருக்கு!" என்றார். உள்ளே ஒரு கம்பியைக்கூட அவள் தொட்டிருக்கவில்லை.

சிரித்துவிட்டு விட்டிருக்க வேண்டிய விஷயங்கள்தான். ஆனால் அக்காவின் பிழைப்பு வேறு மாதிரி. அவள் வேலை செய்வது காது கேட்கும் கருவிகளைப் பழுது பார்க்கும் இடத்தில். அங்கே வருகிறவர் "தகர டப்பாவுக்குள்ள பேசற மாதிரி கேக்குது" என்றால், "இல்லைங்க, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்ல முடியுமா? அவர் காது, அவர் சொன்னதுதான் சட்டம். சொன்னதைக் கேட்டு, எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அந்தப் பழக்கம் கையோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. போர்வை என்றார்களா, சத்தத்தின் கூர்மையை மறிக்கும் வடிகட்டியைத் திறந்துவிட்டாள். நீளம் என்றார்களா, இன்னும் இரண்டு சிப் சேர்த்தாள். சேர்த்ததும் உள்ளே கொசு மாதிரி ஒரு கீச்சு கிளம்பியது. அதை அமுக்க ஒரு மின்சுற்று, அந்தச் சுற்று செய்த குளறுபடியைச் சரிசெய்ய இன்னொரு சுற்று. பெட்டி பெரிதானது. நீல பெயின்ட் ஏறியது. மூவரும் தலையாட்டினார்கள்.

தம்பி மட்டும் பிடி கொடுக்கவில்லை. அவனிடம் கருத்து வாங்குவது கல்லில் நார் உரிப்பதுதான். முதல் பெட்டிக்கும் "இருக்கட்டும்க்கா" என்றான், நீலப் பெட்டிக்கும் "இருக்கட்டும்க்கா" என்றான். அக்காவுக்கு அது சுருக்கென்று இருந்தது. அடுத்தவன் ஆயிரம் சொல்லட்டும், கூடப் பிறந்தவன் ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவான்?

நாளை காலை சர்க்யூட் போர்டு அச்சடிப்பவர் வேலையைத் தொடங்குகிறார். நூறு பலகை. முதல் பெட்டி தொடங்கி அவளும் வரைபடத்தை மாற்றி மாற்றி அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்; முடிவானது எது என்று இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். அச்சாகிவிட்டால் அதற்கப்புறம் ஒரு கோட்டைக்கூட அசைக்க முடியாது. நூறு பெட்டியும் அவள் பெயரில் நூறு வீட்டுக்குப் போகும். இன்று மாலை தம்பியின் குழு ஒரு மாடி அரங்கில் வாசிக்கிறது. மேடையில் நீலப் பெட்டியை ஒரு முறை கேட்டுவிட்டு அதன் வரைபடத்தை அனுப்பிவிடுவது என்று முடிவு செய்து கிளம்பினாள். பையில் பழைய பெட்டியையும் போட்டுக்கொண்டாள். எங்கிருந்து எங்கே வந்திருக்கிறோம் என்று மூவருக்கும் காட்டலாமே என்ற சின்ன ஆசை.

மத்தியானமே போய்விட்டாள். அரங்கில் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். டிரம்ஸ்காரர் திருகுகளை முறுக்கிக்கொண்டிருந்தார். பாடுகிறவள் தம்பியின் மனைவி. மைக்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஒரு மெதுவான பாட்டை ஒத்திகை பார்த்துவிடலாம் என்றாள். தம்பி நீலப் பெட்டியை மிதித்தான். கிட்டார் மட்டும் ஒலித்த முதல் சில நொடிகள் பிரமாதம். பளபளவென்று, ஒவ்வொரு சுரமும் தெளிவாகத் திரும்பி வந்தது. பிறகு டிரம்ஸ் சேர்ந்தது, பேஸ் சேர்ந்தது, அவள் பாடத் தொடங்கினாள்.

நான்கு வரிகூடத் தாண்டவில்லை. கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"என்னன்னு தெரியல, யாரோ என் கூடவே பேசிட்டிருக்கிற மாதிரி இருக்கு. நான் ஒரு வார்த்தை முடிக்கறதுக்குள்ள குறுக்க வந்து விழுது."

தம்பி குமிழைக் குறைத்தான். குறைத்தால் எதிரொலியே காணோம். ஏற்றினால் மறுபடியும் வழக்காடியது. அவன் அக்காவைப் பார்க்காமல் கிட்டாரின் கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் செய்ததை அவள் முன்னால் குறை சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை என்பது அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. இத்தனை நாள் அந்த "இருக்கட்டும்க்கா"வுக்கு அதுதான் அர்த்தமா?

கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள். அமைதியான அறையில் பிரமாதம், ஆள் கூடினால் குழப்பம். இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே? எங்கேயோ என்ன, தினமும் கேட்கிறாள். "உங்க ரூம்ல போட்டுப் பாத்தப்ப நல்லாத்தாம்மா கேட்டுச்சு. வீட்டுல நாலு பேர் சேர்ந்து பேசினா ஒண்ணும் புரியல" என்று காதுக் கருவியைத் திருப்பிக் கொண்டுவராதவர் உண்டா? அப்படி வருகிறவர்களுக்கு அவள் முதலில் செய்வதே கூர்மையைக் குறைப்பதுதான். வேலை செய்யும் இடத்தில் கைவந்த வித்தை, வீட்டு மேஜையில் மறந்துபோயிற்று. பெட்டிக்கடை கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தான். வாத்தியார் முன்னறையில் தனியாக வாசித்தார். மீசைக்காரர் குளியலறைக்குப் பக்கத்து அறையில். கிட்டார்காரனுக்கு உலகத்தில் தன் கிட்டாரைத் தவிர வேறு சத்தமே கிடையாது. அந்த மூன்று தனியறைகளுக்காக அவள் ஒரு பெட்டியைச் செய்து முடித்திருந்தாள். பாடுகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

எழுந்து மேடைக்குப் போனாள். பையிலிருந்து பழைய பெட்டியை எடுத்தாள். நீலத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டினாள்.

"அக்கா?" என்றான் தம்பி.

"பேசாம வாசி."

வாசித்தான். இரண்டாவது எதிரொலி போர்வைக்குள் புகுந்தது. நன்றாகவே புகுந்தது. அந்த இடைவெளியில் பாடுகிறவளின் குரல் வந்து உட்கார்ந்தது. அவள் மூச்சு விடும் இடங்களில் மட்டும் கிட்டார் பின்னாலிருந்து மெத்தென்று தெரிந்தது. அவள் வாயைத் திறந்ததும் ஒதுங்கி வழிவிட்டது. அவள் இந்த முறை நிறுத்தவில்லை. பாட்டு முடியும்வரை கண்ணைத் திறக்கவே இல்லை. முடிந்ததும், "அண்ணி, இதை மாத்திடாதீங்க" என்றாள்.

மாலை நிகழ்ச்சிக்கு மூன்று பேரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அக்கா சுவரோரமாக நின்றுகொண்டாள். மற்ற நாளாக இருந்தால் அவர்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள், யார் புருவத்தைச் சுருக்குகிறார்கள் என்று. இன்றைக்குப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த மெதுவான பாட்டு வந்தபோது கூடமே அசையாமல் கேட்டது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

முடிந்ததும் மூவரும் மேடைக்கே ஏறி வந்துவிட்டார்கள். "என்னம்மா பாடறே!" என்றார் மீசைக்காரர். "ஒவ்வொரு எழுத்தும் காதுல விழுந்துச்சு" என்றார் வாத்தியார். பெட்டியைப் பற்றி யாரும் மூச்சே விடவில்லை. இதுவரை அவள் வாங்கிய கருத்துகளிலேயே இதுதான் உயர்ந்தது என்று அக்காவுக்குத் தோன்றியது. நெஞ்சை நிமிர்த்தி நின்றாள்.

பெட்டிக்கடைக்கு மட்டும் கண் தரைக்குப் போகாமல் இருக்குமா? குனிந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"இது அந்தப் பழைய பெட்டி ஆச்சே! நீலம் எங்க?"

"அந்தப் போர்வையா?" மீசைக்காரரும் குனிந்தார். சொன்ன சொல்லை வாபஸ் வாங்கும் வழக்கம் அவருக்கு இல்லை. தம்பியின் தோளில் ஓங்கித் தட்டினார். "அப்ப இது பெட்டி இல்லப்பா. கை! கையில சரக்கு இருந்தா எதை மாட்டினாலும் பேசும்."

எந்தக் கிட்டார்காரனுக்கும் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு சிரித்தால் போதும். தம்பி சிரிக்கவில்லை. கிட்டாரைக் கழற்றித் தாங்கியில் வைத்தான்.

"கை இல்லண்ணே. இதே கைதான் மத்தியானமும் வாசிச்சது, நாலு வரி தாங்கல. இது எங்கக்கா."

வயரைச் சுற்றத் தொடங்கிவிட்டான். அக்காவுக்கு வந்த சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் கிடந்த இன்னொரு வயரை எடுத்துத் தானும் சுற்றினாள். பெருமையாக இருந்தது. அவனை நினைத்தும் பெருமையாக இருந்தது, தன்னை நினைத்தும் பெருமையாக இருந்தது. இரண்டாவதுதான் கொஞ்சம் அதிகம் என்று தோன்றியபோது அதற்காக வெட்கப்படவும் இல்லை.

பெட்டிக்கடை தொண்டையைச் செருமினான். "அதெல்லாம் சரிக்கா. பாட்டோட கேக்கறப்ப நல்லாத்தான் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா வீட்டுல தனியா வாசிக்கறவங்களும் இருக்கோம்ல? பக்கத்துல ஒரே ஒரு குட்டி சுவிட்ச். தட்டினா பளிச்சுனு ஆகற மாதிரி."

"அப்படியே நேரத்தையும் கொஞ்சம்..." என்று வாத்தியார் தொடங்கினார்.

"குமிழ் மட்டும் பெரிசா இருக்கட்டும்" என்றார் மீசைக்காரர்.

அக்கா மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நல்ல மனிதர்கள். அவளுக்காக வாரக்கணக்கில் வாசித்துப் பார்த்தவர்கள். அவர்கள் மேல் கோபம் எதுவும் இல்லை. கைப்பேசியை எடுத்து, போர்டு அச்சடிப்பவரை அவர்கள் முன்னாலேயே அழைத்தாள்.

"அண்ணே, நான்தான். நீங்க தூக்கி வெச்சிருக்கீங்களே, முதல்முதல்ல அனுப்பின வரைபடம், அதையே அடிச்சிடுங்க... ஆமா, நூறும்."

மறுமுனையில் அவர் நம்பவில்லை போலிருக்கிறது. இதுவரை அவள் எத்தனை முறை மாற்றி அனுப்பியிருக்கிறாள் என்று அவருக்கும் தெரியுமே. எதற்கும் இன்னொரு முறை யாரிடமாவது காட்டிக் கேட்டுக்கொள்கிறாயா என்று கேட்டார்.

"யாரைக் கேக்கணும்?" என்றாள் அக்கா. "செஞ்சது நான்தானே?"