ராஜம்மா விரல் ஏறிய சுவர்

பாலோ ஊர் முருகன் கோயில் நாள்காட்டியில் முருகனைக் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். மாலை போட்ட தலைவர் திருச்செல்வத்தின் படத்துக்கு மேல், மூலையில், மயிலோடு ஒதுங்கி நிற்பார்.

அந்த நாள்காட்டியைச் சமையலறைச் சுவரில் மாட்டப் போய்த்தான் தலைவர் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து விழுந்து, வலது தோளின் தசைநாரைக் கிழித்துக்கொண்டார். கோயிலில் சொன்னது வேறு. "ரதம் இழுத்ததுல போன தோளு. முருகனுக்குக் கொடுத்தது." அவர் ரதத்துக்கு முன்னால் கையசைத்தபடி நடந்ததைப் பார்த்தவர்களும் தலையாட்டினார்கள்.

அவருடைய கவலை வேறு. பங்குனி உத்திரக் கொடியேற்றத்தில் கயிற்றை முதலில் இழுப்பது தலைவர். வலது கை தலைக்கு மேல் போயாக வேண்டும். பீச்சாங்கையால் இழுத்தால் ஊர் சும்மா விடாது. முடியாவிட்டால் கயிறு துணைத்தலைவர் லெட்சுமணனிடம் போகும். போன கயிறு திரும்பாது. முந்தைய தலைவர் காய்ச்சலில் படுத்த வருடம்தான் அது திருச்செல்வத்திடம் வந்தது.

அறுவை சிகிச்சைக்கு முன் மகள் பிரேமலா சிங்கப்பூரிலிருந்து வந்தாள். ஒற்றைக் கையோடு இருக்கப்போகிறவருக்குச் சாமானெல்லாம் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டுமென்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மேல் அலமாரியைத் திறந்தாள். காலி. அடுத்ததும் காலி.

"அப்பா, யாரு எல்லாத்தையும் கீழ இறக்குனது?"

"நான் எங்க இந்தப் பக்கம் வந்தேன்? உங்கம்மா வெச்சது வெச்ச மாதிரி கெடக்கு."

அரிசி, மிளகாய்த்தூள், மைலோ டின் எல்லாம் இடுப்பு உயரத்தில். துணிக்கொடிகூடத் தாழத் தொங்கியது. அவர் மனைவி ராஜம்மா இறந்து இரண்டு வருடம். ஒற்றைக் கை மனிதர் ஒருவருக்காக வீடு முன்பே தயாராகிக் காத்திருந்தது போலிருந்தது.

"அம்மாவுக்குத் தோளு வலின்னு சொல்வாங்கள்லப்பா?"

"வேலைன்னா வலி. வேற என்ன?"

அறுவை சிகிச்சை முடிந்தது. கோயில் வாசலில் 'தலைவர் விரைவில் நலம் பெற வேண்டுகிறோம்' என்று பதாகை ஏறியது. வாசகமும் படமும் தலைவரே கொடுத்தவை. அவரோ வீட்டில் கையைப் பட்டையில் தொங்கவிட்டு, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கி, கடைச்சோற்றைக் கரண்டியால் தின்றுகொண்டிருந்தார்.

பட்டையைக் கழற்றியதும் மலர் என்ற பிசியோ பெண் பயிற்சி சொல்லித்தர வந்தாள்.

"செவுத்துல வெரல வெச்சு, எறும்பு ஊர்ற மாதிரி மேல ஏத்துங்க அங்கிள். இந்த எடம் நல்லாருக்கு. காலண்டரக் கழட்டலாம் லா."

அவர் தடுப்பதற்குள் கழற்றிவிட்டாள். பின்னால் மஞ்சள் விரல் தடங்கள். இடுப்பு உயரத்தில் தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஓரிடத்தில் சட்டென்று நின்றிருந்தன.

"அலமாக்! இங்க ஏற்கனவே யாரோ செஞ்சிருக்காங்க. யாரு அங்கிள்?"

"பழைய கறை."

ராஜம்மா இறந்த புதிதில் அவர் அந்தச் சுவருக்குச் சாயம் அடித்தார், தடம் தெரிந்தது. மறுபடி அடித்தார், தெரிந்தது. கடைசியில்தான் தன் படம் போட்ட நாள்காட்டியை அதன்மேல் மாட்டினார்.

உயிரோடிருந்தபோது ராஜம்மா மசாலைக் கையோடு, கண்ணை மூடி, அங்கே நிற்பாள். ஒருநாள் கோயில் கமிட்டிக்காரர்கள் ஹாலில் தேநீர் குடித்துக்கொண்டிருக்க, திருச்செல்வம் சமையலறை வாசற்படியில் நின்று கேட்டார்: "என்னம்மா, செவுரு விழுந்துரும்னு தாங்கிப் புடிச்சிருக்கியா?" எல்லாரும் சிரித்தார்கள். ராஜம்மாவும் சிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஏத்தறதுகூடப் பரவால்லங்க. எறக்கறப்பத்தான் உயிர் போவுது."

இப்போது மதியம்தோறும் அவர் விரல்கள் ஏறின. அந்த நேரத்தில் பச்சை மஞ்சள் வாசம் வரும். வீட்டில் மஞ்சளே இல்லை. அவளுடைய கடைசித் தடத்தில் கை நிற்கும். அவள் நெற்றி உயரம், அவருக்கு மீசை. வலியால் நின்றது போலில்லை, மணிக்கட்டில் யாரோ கை வைத்தது போல. ஹால் சுவரில் முயன்றார். தடமில்லாத அந்தச் சுவரிலும் மீசைக்கு நேரே நின்றது.

"விடு ராஜம்மா," என்றார். "கொடியேத்தம் முடியட்டும்."

கொடியேற்றத்தன்று பட்டுவேட்டியும் சால்வையுமாகக் கயிற்றைப் பிடித்தார். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போயிற்று. கை மீசை வரை வந்து நின்றது.

"இழுங்க தலைவரே," என்றார் குருக்கள்.

நாதஸ்வரக்காரர் அதே இடத்தை இன்னொரு முறை வாசித்தார். அவர் கைக்கு மேலே லெட்சுமணனின் கை நீண்டு கயிற்றைப் பற்றியது. கொடி ஏறியது.

திருச்செல்வம் சாப்பாட்டுக்கு நிற்காமல் வீட்டுக்கு வந்தார். சால்வையோடு சமையலறைக்குப் போய்ச் சந்தனம் ஒட்டிய விரல்களைச் சுவரில் ஏற்றினார். அவளுடைய கடைசித் தடத்தில் கை நின்றது.

"ரொம்ப வலிச்சுச்சா?"

அவளிடம் முதல்முறையாகக் கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார். மஞ்சள் வாசம் மட்டும் வந்தது. கையை இறக்கப் பார்த்தார், உயிர் போயிற்று. அப்படியே நின்றார்.

திறந்திருந்த வாசல் வழியே லெட்சுமணன் பிரசாதத் தட்டோடு உள்ளே வந்தான். பின்னால் கமிட்டிக்காரர்கள்.

"என்ன தலைவரே, செவுரு விழுந்துரும்னு தாங்கிப் புடிச்சிருக்கீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். திருச்செல்வமும் சிரித்தார்.