பத்து பச்சை டிக்

பாமாவின் வேலை, பார்க்கிறவர்களுக்கு வேலையாகவே தெரியாது. கம்பெனியின் புது சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள், ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பாள், பிறகு அழிப்பாள். ஒன்பது வருஷமாக இதேதான். பெங்களூர் ஈஜிபுராவில் அவளும் மகளும் சாப்பிடுவது இதை நம்பித்தான்.

திங்கட்கிழமை மேனேஜர் அஷ்வின் அவளை எல்லோர் முன்னாலும் நிறுத்தினான். அவள் செய்வதைத் தானாகவே செய்து முடிக்க டீமில் இருந்த நரேஷ் ஒரு ஸ்கிரிப்ட், சின்ன புரோகிராம், எழுதியிருந்தான்.

"ஆளுக்குப் பத்து மெஷின். ஒரு பக்கம் ஸ்கிரிப்ட், ஒரு பக்கம் பாமா. ஸ்கிரிப்ட் சரியா பண்ணிட்டா பாமாவுக்கு ரெஸ்ட். தப்பு பண்ணா பாமா இருப்பாங்க. ஃபேர்தானே?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். முப்பது பேர் காபியும் கையுமாக வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். ஒருத்தி செல்போனில் படம்கூடப் பிடித்தாள். வெட்கம் கெட்ட கூட்டம்.

ஸ்கிரிப்ட் நாலே நிமிஷத்தில் முடித்தது. பத்து பச்சை டிக். எல்லோரும் கைதட்டினார்கள். பாமா அப்போது முதல் மெஷினையே தாண்டவில்லை. ஆனாலும் கை அவசரப்படவில்லை. பத்தாவதை அவள் முடித்தபோது பாதிப் பேர் சாப்பிடப் போயிருந்தார்கள். பிறகு ஸ்கிரிப்ட் முடித்த பத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

"சார், ஸ்கிரிப்ட் பண்ணதுல ஒண்ணுலகூடப் புதுசு ஏறல. இதெல்லாம் போன வாரம் ஏத்தினது. ஐகான் இருக்கு, ஃபோல்டர் இருக்கு, அதப் பாத்துட்டு ஸ்கிரிப்ட் பாஸ் போட்டுடுச்சு. திறந்து பாருங்க, பழைய வெர்ஷன்தான்."

அஷ்வின் திறந்து பார்த்தான். பழையதுதான். நரேஷின் முகம் சுருங்கிப்போயிற்று.

"சக்கத், பாமா. பிரமாதம். எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க. நரேஷ், எழுதிக்கோ."

ஒன்பது வருஷத்தில் அவளை யாரும் கேட்காத கேள்வி. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முதலில் பழையதை எடுக்கணும், ஏற்றியதும் ஃபைல் தேதியைப் பார்க்கணும், ரீஸ்டார்ட் பண்ணித் திறக்கணும் என்று வரிசையாகச் சொன்னாள். நரேஷ் தட்டிக்கொண்டே வந்தான்.

"அழிச்ச பிறகு, நெஜமாவே போயிடுச்சான்னு இன்னொரு தடவ பாக்கணும் நரேஷ். அதத்தான் எல்லாரும் மறந்துடுவாங்க."

அன்று மகளுக்கு மைசூர் பாக் வாங்கிக்கொண்டு போனாள்.

புதன்கிழமை ஸ்கிரிப்ட் திரும்ப ஓடியது. அவள் பிடித்த தப்பை எல்லாம் அதுவும் பிடித்தது. வெள்ளிக்கிழமை அஷ்வின் அறைக்குக் கூப்பிட்டு, இன்றே கடைசி நாள் என்றான்.

"ஸ்கிரிப்ட் தப்பு பண்ணா நான் இருப்பேன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"இப்ப பண்ணலையே, பாமா."

அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். லாகினை மூடினார்கள். அவள் லிஃப்டுக்குள் நுழைந்ததும் நரேஷ் ஓடிவந்தான். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல வருகிறான் என்று நினைத்து, மூடப்போன கதவைப் பாமா கையால் தடுத்தாள்.

"அக்கா, டீம் வாட்ஸ்அப் குரூப்ல நீங்க இன்னும் இருக்கீங்க."

அவள் எதிரிலேயே அவளைக் குரூப்பிலிருந்து எடுத்தான். பிறகு, நிஜமாகவே போய்விட்டாளா என்று திரையை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டான்.