பன்னிரண்டாவது ஆள்

"இந்த டப் உன் புருஷனுக்கு," என்று சிவப்பு பிளாஸ்டிக் டப்பைக் காலாலேயே தள்ளிவிட்டாள் வீட்டுக்கார அம்மா ழனின் மதாம். "கோயிலுக்குப் போறப்ப எடுத்துக்கிட்டுப் போயிடு. மத்த பதினோரு பேருக்கும் எங்க வீட்டு பித்தளை பேசின் இருக்கு."

சவேரியம்மாள் அப்போது தரையில் உட்கார்ந்து, மதாமின் புருஷன் ஆத்ரியேன் முசேயின் வலது காலை மடியில் வைத்திருந்தாள். முசே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு காரைக்காலுக்குத் திரும்பியவர். சர்க்கரை வியாதி அந்தக் காலில் ஆறாத புண்ணாக இறங்கியிருந்தது. காலையும் சாயங்காலமும் சீழ் துடைத்து, மருந்து வைத்து, துணி மாற்றிக் கட்டுகிறவள் சவேரியம்மாள்தான். மதாம் ஒரு நாளும் தொட்டதில்லை. மூன்று வேளை ஜெபம் சொல்லவே அவளுக்கு நேரம் போதவில்லை, பாவம்!

அன்றைக்குப் பெரிய வியாழன். ஆண்டவர் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுகிற நாள். அந்தப் பன்னிரண்டு பேரும் என்றைக்கும் கோயில் தெருக்காரர்கள்; முசேதான் அதில் முதல் ஆள். சேரியிலிருந்து ஒரு கால்கூட அந்த பெஞ்சுக்கு முன்னால் நீண்டது கிடையாது. சுனாமிக்குப் பிறகு வந்த இளம் சாமியார்தான் இந்த வருஷம் சவேரியம்மாளின் புருஷன் சின்னப்பன் பேரைப் பூசையில் வாசித்துவிட்டார். மண்டபத்தூர்க் கரையில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றபோது பிணம் தூக்கியவன் சின்னப்பன். அதைச் சாமியார் கேள்விப்பட்டிருந்தார். கோயில் தெரு ஒரு வாரம் கொதித்தது. மதாம் சாமியாருக்குத் தெரியாமல் உபதேசியாரைப் பிடித்து வழி கண்டுபிடித்தாள்: உட்காரட்டும், கடைசியில், தண்ணீர் மட்டும் தனி.

"யூதாசு காலையும் சேசு கழுவுனாரே மதாம்," என்றாள் சவேரியம்மாள். "காட்டிக் குடுத்தவனுக்கே தனி டப் வெக்கலியே."

"வாய் நீளுதுடி உனக்கு."

"முசே, நீங்க சொல்லுங்க."

முசே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல, சவேரி."

மதாம் சொன்னதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. இவர் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. நாலு வருஷமாக மடியில் வைத்துப் பார்த்த கால்! அவள் அதை அலுங்காமல் தரையில் இறக்கி வைத்தாள்.

"இன்னிக்குக் கால் கழுவுறது சாமியார் வேல. அவரே கழுவட்டும்."

காலையில் கட்டி, சீழில் ஈரமாகியிருந்த துணி மாற்றாமல் அப்படியே இருந்தது. டப்பை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

"நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராத!" என்று மதாம் பின்னால் கத்தினாள்.

"வரல, போங்க!"

கோயிலில் கூட்டம் நெருக்கியது. பெஞ்சில் பதினோரு பேர் வெள்ளை வேட்டியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். கழுவப்போகிற கால்தானே என்று யாரும் விடவில்லை. வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். கடைசியில் ஒரு முழம் இடம் விட்டு, டப்பை முன்னால் வைத்துக்கொண்டு சின்னப்பன் உட்கார்ந்திருந்தான். கூச்சத்தில் அவன் தலையே நிமிரவில்லை.

சாமியார் முசேயிடமிருந்து ஆரம்பித்தார். ஊறிப்போன துணிக்கட்டைப் பார்த்தார். "வலிக்குதாங்க ஐயா?" என்று கேட்டுக்கொண்டே அதை அவிழ்த்தார். வாடை கிளம்பியது. பெண்கள் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். சாமியாருக்கு முகம் மாறவில்லை. பித்தளை பேசினில் அந்தக் காலை வைத்து நிதானமாகக் கழுவித் துடைத்தார், குனிந்து முத்தமும் கொடுத்தார். முசே பொலபொலவென்று அழுதுவிட்டார்.

அடுத்தவர் முசேயின் கூடப்பிறந்த தம்பி புரூனோ. சாமியார் நகர்ந்து வந்ததும் புரூனோ காலை பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டார்.

"வேணாம் சாமி. அதுல சீழு பட்டுருக்கு."

"தண்ணிய மாத்திடலாங்க."

"அந்த பேசினே வேணாம் சாமி. எனக்கும் சக்கரை இருக்கு."

வரிசையில் ஒன்பது தலைகள் ஆமாம் என்று ஆடின. புரூனோவின் கண் கடைசிக்குப் போயிற்று. "அதோ, அங்க சுத்தமா ஒரு டப் இருக்கே! அதுல கழுவுங்க."

உபதேசியார் ஓடினார். சின்னப்பனோ, கேட்டால் கொடுத்தே பழகினவன், தானே குனிந்து டப்பைத் தூக்கி நீட்டினான்.

"வையி கீழ!"

பெண்கள் பக்கத்தில் சவேரியம்மாள் எழுந்து நின்றாள். கோயிலுக்குள் அவள் குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"அது உன் டப்பு. உன் காலு அவங்க தண்ணியில படக்கூடாதுன்னு மதாம் உனக்குன்னே குடுத்தது. சாமி, மொதல்ல எங்க வூட்டுக்காரருக்குக் கழுவுங்க. அப்பறம் அதே தண்ணியில யாருக்கு வேணுமோ வந்து நீட்டட்டும். நாங்க வேணாங்கல."

டப் எதற்கு வந்தது என்பது சாமியாருக்கு அப்போதுதான் விளங்கிற்று. பத்துப் பேரையும் தாண்டி நடந்துபோய்ச் சின்னப்பன் முன்னால் முழங்காலிட்டார். சின்னப்பன் தயங்கித் தயங்கிக் காலை நீட்டினான். கழுவி, துடைத்து, முத்தமிட்டு, சாமியார் நிமிர்ந்தார்.

"அடுத்து யாருங்க?"

ஒருத்தரும் அசையவில்லை. முசேதான் தடியை ஊன்றி, நொண்டிக்கொண்டே வந்து சின்னப்பனை ஒட்டி உட்கார்ந்தார்.

"எடது காலு பாக்கி இருக்கு சாமி."

"ஆத்ரியேன்!" என்று மதாம் பல்லைக் கடித்தாள். அவர் திரும்பவில்லை. புண் கால் தரையில் பட்டு வலிக்க, பழக்கத்தில், "சவேரி, இந்தக் கால செத்த தூக்கிப் புடி," என்றார்.

பாவமாகத்தான் இருந்தது அவளுக்கு. இருந்தாலும் உட்கார்ந்துவிட்டாள்.

"மதாம் இருக்காங்கல்ல முசே. அவங்க புடிப்பாங்க."

கோயில் மொத்தமும் ழனின் மதாமைத் திரும்பிப் பார்த்தது. அவளுக்குப் போகாமல் தீரவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து போய், சின்னப்பன் காலடியில் மண்டியிட்டுப் புருஷன் காலைத் தூக்கிப் பிடித்தாள்.