சலவை அறையில் ஒரு வரிசை

விடுதிப் பெண்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் சைரன். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் என் காதுக்கு எட்டாத மாதிரி மெல்லப் பேச அவர்களில் ஒருத்திக்கும் தெரியாது. ஆறு வருடமாக நான்தான் இங்கே வார்டன். மூன்று மாடி, நாற்பத்தெட்டுப் பெண்கள், ஆளுக்கொரு அறை. கீழே சலவை அறையில் மூன்றே மூன்று வாஷிங் மெஷின்.

சனிக்கிழமை காலையில் அந்த அறை சந்தைக்கடை. வாளியை வைத்து இடம் பிடிப்பார்கள், "நான்தான் முதல்ல வந்தேன்" என்று மல்லுக்கு நிற்பார்கள், படிக்கட்டு முழுக்க உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். எனக்குத் தலை வெடிக்கும். இரண்டாம் பருவம் தொடங்கியதும் இதற்கு ஒரு முடிவு கட்டினேன். வாரம் முழுவதும் பிரித்து, ஆளுக்கு அரைமணி நேரம் என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். இனி யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அதோடு நின்றேனா? முதல் மாடியில் ஒரு அறையை ஒழித்து, மெத்தை இருக்கைகள் போட்டு, 'மனம் விட்டுப் பேசுங்கள்' என்று வாசலில் பலகையும் மாட்டினேன். கல்லூரி முதல்வர் வந்து பார்த்து மெச்சினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த அறைக்குள் போய்வந்தது துப்புரவு வேலை பார்க்கும் அக்கா மட்டும்தான், பெருக்குவதற்கு.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, மூன்றாம் மாடிக் கடைசி அறைப் பெண் என் மேசையில் ஒரு தாளை வைத்தாள். பிசியோதெரபி முதலாண்டு. விடுதியையும் படிப்பையும் விட்டுப் போவதற்கான விண்ணப்பம் அது. திங்கட்கிழமைக்குள் என் கையெழுத்தோடு கல்லூரி அலுவலகத்துக்குப் போக வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருந்தாள்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் எதுவும் சொல்லலை மேடம். அதான்."

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. "புரியற மாதிரி சொல்லு" என்றேன், சைரன் குரலில்.

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "எனக்குப் போய்க் கதவைத் தட்டிப் பேச வராது மேடம். முன்னாடி வாளியோட போனா, பக்கத்துல உக்கார ஒரு காரணம் இருந்துச்சு. உனக்கு முன்னாடி எத்தனை பேருன்னு கேப்பாங்க, அப்படியே பேச்சு வளரும். இப்ப என் நேரத்துக்குப் போறேன், அங்க யாருமே இல்லை. வகுப்பு விட்டு வந்தா மறுநாள் வரைக்கும் வாயைத் திறக்க வேலையே இல்லை."

"அதுக்குத்தானே மேல ஒரு ரூம் போட்டு வச்சிருக்கேன்?"

"அங்க போனா எனக்கு ஏதோ பிரச்சனைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்ல மேடம்."

சுருக்கென்று தைத்தது. முதலில் கோபம்தான் வந்தது. உங்களுக்காகத்தானே இத்தனை மெனக்கெட்டேன் என்று வாய் வரை வந்ததை விழுங்கினேன். "திங்கட்கிழமை காலையில கையெழுத்துப் போடுறேன். அதுவரைக்கும் இரு" என்றேன்.

அன்று மாலையே அட்டவணையைக் கிழித்தேன். மெத்தை இருக்கைகளைக் கீழே இறக்க அக்கா ஒரு கை கொடுத்தார். "அந்த ரூமுக்கு யாரும் வரமாட்டாங்கன்னு அன்னைக்கே சொன்னேன், நீங்க எங்க காதுல வாங்குனீங்க" என்றார். வாங்கவில்லைதான். சலவை அறைச் சுவரோரமாக இருக்கைகளைப் போட்டோம், கண் கூசும் விளக்கை மாற்றினோம். பலகை எதுவும் மாட்டவில்லை. சனிக்கிழமை முதல் பழையபடி வரிசைதான் என்று மட்டும் எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் சந்தைக்கடை திரும்பிவிட்டது. சும்மா போய் நின்றால் வேவு பார்ப்பதாக நினைப்பார்களே என்று நானும் ஒரு வாளியோடு போய் உட்கார்ந்தேன். என் வீட்டிலேயே மெஷின் உண்டு. வாளியில் இருந்தது முந்தாநாள் துவைத்து மடித்த போர்வை. பத்து மணி ஆயிற்று, அவள் வரவில்லை. மேலே போய்க் கதவைத் தட்டலாமா என்று கால் பரபரத்தது. நாற்பத்தெட்டு அறைக்கும் சாவி வைத்திருக்கிற எனக்கும், என்ன சொல்லித் தட்டுவது என்று தெரியவில்லை.

பத்தரைக்கு இறங்கி வந்தாள், ஒரு சிவப்பு வாளியோடு. "கடைசி யாரு?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். இரண்டாம் மாடிப் பெண் ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். "இங்க உக்காரு. எங்க போன இத்தனை நாளா, ஆளையே காணோம்."

என் எதிரே அவள் வாளியை வைத்தபோது உள்ளே பார்த்தேன். துவைத்து, இஸ்திரி போட்டு, அழகாக மடித்த சட்டைகள். அவளும் என் வாளியைப் பார்த்தாள். இருவரும் வாளியைக் காலுக்குப் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டோம்.

ஒன்றும் சொல்லாமலே அவள் ஊருக்குப் போயிருக்கலாம். நானும் அந்த 'சொந்தக் காரண'த்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருப்பேன், அட்டவணையும் சுவரில் இருந்திருக்கும். பேச வராது என்றவள் இந்தச் சைரனிடம் வந்து பேசினாள். அந்தப் பெண்ணுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். ஒன்பது மணி வகுப்புக்கு ஓடுகிற வழியில் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"மேடம், வர்ற சனிக்கிழமை எனக்கும் சேர்த்து இடம் பிடிச்சு வைங்க."