இந்த வரியைப் படிக்க வேண்டாம்

"எழுதித்தான் குடேன். கையில எலும்பா முறிஞ்சு போச்சு?" என்றான் டோனல்.

அவன் மனைவி இமெல்டாவின் கையில் கரண்டி இருந்தது. கரண்டிக்கு எதிரே அவள் மகன் காஹலின் வாய் இருந்தது. காஹலுக்குப் பத்தொன்பது வயது. நடக்க மாட்டான், பேச மாட்டான், தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கிக் கொடுத்தால்தான் இறங்கும். தொண்டை ஒருமுறை அசைந்ததைப் பார்த்த பிறகே அடுத்த கரண்டியை நீட்ட வேண்டும். இந்தத் தொண்டையைப் பார்த்துப் பார்த்தே அவளுக்குப் பத்தொன்பது வருஷம் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு எம்.பி. மாலக்கி டியர்னன் அவர்கள் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்துவிட்டார். அடுப்புப் பக்கத்து நாற்காலி, வெண்ணெய் தடவிய கோதுமை ரொட்டி, கையில் தேநீர்க் கோப்பை. அயர்லாந்தின் பாலிகார்னா ஊரில் அவர் சவப்பெட்டி தூக்காத குடும்பம் கிடையாது. செத்தவனைத் தெரியுமோ தெரியாதோ, முதல் வரிசையில் நின்று கை கொடுப்பார். டோனலின் தாத்தா இவருடைய தாத்தாவுக்கு ஓட்டுப் போட்டவர். டோனல் கட்சிக் கிளைச் செயலாளர். படம் போட்ட தேர்தல் தட்டிகள் அவன் மாட்டுக் கொட்டகையில் வருஷம் முழுக்கப் பத்திரமாகக் கிடக்கும். கொட்டகை ஒழுகும் மூலையில் மாடு நிற்கும், ஒழுகாத மூலையில் மாலக்கி சிரித்துக்கொண்டிருப்பார்.

"புதன்கிழமை எதிர்க்கட்சிக்காரன் தீர்மானம் கொண்டு வரான், இமெல்டாம்மா," என்றார் மாலக்கி. "குன்று வீட்டைத் தெறக்கணும்னு. நானும் பேசப்போறேன். எங்க கட்சி ஆட்சின்னா என்ன? நம்ம ஊர்ப் பிரச்சினைன்னு வந்தா நான் யாரையும் விட மாட்டேன். நீ உன் கையால ஒரு கடுதாசி எழுதிக் குடு. நான் அப்படியே படிக்கறேன்."

குன்று வீடு என்பது காஹலைப் போன்ற பிள்ளைகளை மாதத்தில் நான்கைந்து நாள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அரசாங்க இல்லம். எட்டுக் கட்டில். ஆள் எடுக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்ததும் இரண்டு வருஷத்துக்கு முன் பூட்டினார்கள். பூட்டிய கதவுக்கு வர்ணம் அடிக்க மட்டும் ஆள் வந்து போனான்.

குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஆஸ்பத்திரிக் கடிதம் ஒட்டியிருந்தது. அடுத்த மாதம் பதினான்காம் தேதி, திங்கட்கிழமை, அவளுக்கு அறுவை சிகிச்சை. இதற்கு முன் இரண்டு தேதி வந்து, இரண்டையும் அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். மூன்றாவதையும் மறுத்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். சிகிச்சைக்குப் பிறகு ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாது. காஹல் அறுபத்திரண்டு கிலோ.

"மாலக்கிகிட்ட கேட்டா நடக்கும்," என்றான் டோனல். "எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான்."

"ஏன் கேட்கணும்? அது நம்ம பையனுக்குச் சேர வேண்டியதுதான?"

மாலக்கி பெருந்தன்மையாகச் சிரித்தார். "சேர வேண்டியதைக்கூட ஒருத்தன் கையைப் பிடிச்சு வாங்கித்தானேம்மா தர வேண்டியிருக்கு."

அன்று மாலை இமெல்டா எழுதினாள். மருந்து வேளைகள், இரவில் மூன்று முறை திருப்பிப் படுக்க வைப்பது, எல்லாம் எழுதினாள். கடைசியில், எழுதலாமா என்று பேனாவை வைத்து எடுத்து, அதையும் எழுதினாள். மகனைத் தூக்கித் தூக்கித் தன் கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது, நடக்கும்போது கையால் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஓரத்தில் கோடு போட்டு, "இந்த வரியைப் படிக்க வேண்டாம். உங்களுக்கு நிலைமை புரிவதற்காக மட்டும்" என்று குறித்தாள்.

புதன்கிழமை காஹலை நாத்தனார் பெர்னியிடம் விட்டுவிட்டு இருவரும் டப்ளினுக்கு ரயில் ஏறினார்கள். நாடாளுமன்றத்தின் பார்வையாளர் மாடத்து வாசலில் கைப்பையையும் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கை தட்டக் கூடாது, பேசக் கூடாது என்று வாயிற்காவலர் சொல்லி, அன்றைய அலுவல் தாளை அவள் கையில் கொடுத்தார்.

கீழே நூற்றுக்கணக்கான நாற்காலிகள். உட்கார்ந்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணினாள். பதினொரு பேர். அதில் இருவர் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க எல்லாரும்?" என்று கிசுகிசுத்தாள்.

"அறையில டி.வி.யில பார்ப்பாங்க. சும்மா இரு," என்றான் டோனல். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டிருந்தான்.

எதிர்க்கட்சிப் பெண் ஒருத்தி தீர்மானத்தைக் கொண்டுவந்து காரசாரமாகப் பேசினாள். அவள் கட்சி ஆட்சியில் இருந்தபோது என்ன கிழித்தது என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார். நீ பேசாதே என்றார் இன்னொருவர். சபாநாயகர் மணியை அடித்தார். குன்று வீடு எந்த வருஷம் யார் ஆட்சியில் கட்டப்பட்டது என்பதில் கால் மணி நேரம் போயிற்று. அதற்குள் காஹலுக்கு மதிய மருந்து வேளை வந்துவிட்டதே, பெர்னி மறந்திருப்பாளோ என்று இமெல்டாவுக்குக் கவலையாக இருந்தது.

பிறகு மாலக்கி எழுந்தார். சட்டைப் பையிலிருந்து அவள் கடிதத்தை எடுத்தார். நீலக் கோடு போட்ட தாள் மாடத்திலிருந்தே தெரிந்தது.

நன்றாகத்தான் படித்தார். பொய் சொல்லக் கூடாது. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினார். போனைத் தடவியவர்கள்கூடத் தலை நிமிர்ந்தார்கள். கடைசிப் பத்தி வந்தபோது அவர் குரல் தாழ்ந்தது. அந்த வரியைத் தாண்டிவிடுவார் என்று இமெல்டா நினைத்தாள். அவர் தாண்டவில்லை. கர்ப்பப்பை, கையால் தாங்கிக்கொள்வது, எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் படித்தார். "பாலிகார்னா இமெல்டா கில்ஹூலி, சபாநாயகர் அவர்களே, இதோ மாடத்தில்தான் இருக்கிறார்!" என்று கையை உயர்த்திக் காட்டினார்.

பதினொரு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவள் மடியிலிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெற்றெடுத்த அன்றுகூட இத்தனை பேர் முன்னால் அவள் இப்படிக் கூசியதில்லை. பக்கத்தில் டோனல் அசையாமல் இருந்தான்.

இணை அமைச்சர் எழுந்து ஒரு தாளைப் படித்தார். அந்தத் தாயின் துணிச்சலைப் பாராட்டுகிறாராம். ஆள் எடுப்பது அன்றாட நிர்வாக விஷயமாம், சுகாதார நிர்வாகத்திடம் சொல்லி நேரடியாகப் பதில் அனுப்பச் சொல்கிறாராம்.

மதியம் மாலக்கி அவர்களை உறுப்பினர்கள் சாப்பிடும் கூடத்துக்கு அழைத்துப் போய் சூப்பும் மீனும் வாங்கிக் கொடுத்தார். வந்தவர் போனவரிடமெல்லாம் "இவங்கதான் அந்த அம்மா" என்று காட்டினார்.

"அந்த வரியை ஏன் படிச்சீங்க?" என்று கேட்டாள் இமெல்டா.

"அதுதானேம்மா கல்லையும் கரைக்கிற வரி! இணை அமைச்சர் மூஞ்சியைப் பாத்தியா?"

"பாத்தேன். கரைஞ்ச மாதிரி தெரியலையே."

"சாயங்காலம் ஓட்டெடுப்பு. அதுவரைக்கும் நீங்க ஏன் காத்துக் கெடக்கணும்? மூணு மணி ரயிலுக்குப் போயிடுங்க," என்றார் மாலக்கி, மீனில் எலுமிச்சை பிழிந்தபடி.

அந்த அக்கறைதான் அவளைச் சந்தேகப்பட வைத்தது. அவள் போகவில்லை. டோனல் முணுமுணுத்தான். அவள் மாடத்தில் உட்கார்ந்து அலுவல் தாளை முழுக்க வாசித்தாள். மேலே எதிர்க்கட்சியின் தீர்மானம், குன்று வீட்டை உடனே திறக்க வேண்டும் என்று. கீழே அரசாங்கத்தின் திருத்தம். "'இந்த அவை' என்பதற்குப் பின்னுள்ள எல்லாச் சொற்களையும் நீக்கி, பின்வருமாறு சேர்க்கவும்: அரசு அடைந்துள்ள முன்னேற்றத்தைக் குறித்துக்கொள்கிறது." கதவு, கட்டில், பிள்ளைகள், தேதி எல்லாம் போய்விட்டன. இந்த அவை மட்டும் மிச்சம்.

சாயங்காலம் மணி அடித்தது. எங்கிருந்துதான் வந்தார்களோ, நாற்காலிகள் எல்லாம் நிறைந்துவிட்டன. சுவரில் பெரிய பலகை. ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு விளக்கு. திருத்தத்துக்கு ஆம் என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு. மாலக்கியின் இடத்தை அவள் காலையிலேயே குறி பார்த்து வைத்திருந்தாள். மூன்றாவது வரிசை, தூணுக்குப் பக்கம்.

பச்சை எரிந்தது. அவர் பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தியிருந்தார்.

வெளியே கூடத்தில் அவரைப் பிடித்தாள்.

"புள்ளையையும் கிள்ளி விட்டுட்டு தொட்டிலையும் ஆட்டுறீங்களே, மாலக்கி."

"இமெல்டாம்மா, கொரடா உத்தரவு. மீறினா கட்சியை விட்டுத் தூக்கிடுவாங்க. உள்ள இருந்தாத்தான் உங்களுக்காகச் சண்டை போட முடியும். பேச்சு வேற, ஓட்டு வேற. டோனலுக்குத் தெரியும், கேளு."

டோனல் தலையை ஆட்டினான். அவனுக்கு நிஜமாகவே தெரிந்திருந்தது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

திரும்பும் ரயிலில் பாதி வழியில் டோனல் சன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டான்.

"அந்த விஷயம்... நெசமா? கையால தாங்கிக்கறது? எங்கிட்ட சொல்லவே இல்லையே நீ."

"ரெண்டு தடவ சொன்னேன். மொதல் தடவ நீ ஏணி மேல நின்னு அவர் மூஞ்சியக் கம்பத்துல கட்டிக்கிட்டிருந்த. ரெண்டாவது தடவ, பொம்பளைங்க சமாச்சாரம், பெர்னிகிட்ட பேசுன்ன."

"எனக்கு முதுகு சரியில்லைன்னு உனக்கே தெரியும். இல்லாட்டி நானும் அவனத் தூக்க மாட்டேனா?"

"ஏணியில ஏறும்போது முதுகு எங்க போவுது?"

எதிர் இருக்கைப் பெண் காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை இமெல்டா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து பதினான்காம் தேதி வருகிறேன் என்றாள். யாரையும் கேட்கவில்லை. பேச்சை மட்டும் வெட்டியெடுத்து மாலக்கி இணையத்தில் போட்டிருந்தார். ஓட்டு அதில் இல்லை. கடையில் ரொட்டி வாங்கப் போனால் பெண்கள் அவள் தோளைத் தொட்டு "பாவம்" என்றார்கள். ஆண்கள் அவள் இடுப்புக்குக் கீழே பார்த்துவிட்டு அவசரமாக வேறு பக்கம் திரும்பினார்கள்.

மூன்று வாரம் டோனலுக்குப் பாடம் நடந்தது. தூக்கும் பட்டையை எப்படி மாட்டுவது, கரண்டியை எப்போது நீட்டுவது. முதல் நாள் காஹல் அவன் சட்டையெல்லாம் துப்பினான். டோனல் பல்லைக் கடித்துக்கொண்டு, "செவ்வாயும் வியாழனும் என்னால முடியாது, சொல்லிட்டேன். தேர்தல் வருது. வீடு வீடாப் போகணும்," என்றான். தினமும் இதையே சொன்னான்.

பதினோராம் தேதி ஒரு கடிதம் வந்தது. கெட்டித் தாள், மேலே நாடாளுமன்றத்தின் பொன்னிற யாழ் முத்திரை. "அன்புள்ள இமெல்டா, என் இடைவிடாத முயற்சியின் பயனாக இம்மாதம் பதினான்காம் தேதி தங்களுக்கு அறுவை சிகிச்சைக்கான இடம் கிடைத்துள்ளது என்பதைத் தெரிவிப்பதில் மகிழ்ச்சி. மாலக்கி டியர்னன்."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால்கூடக் காக்கை கடிதம் போடாது. டோனல் அதை இரண்டு முறை வாசித்தான்.

"பாத்தியா? கடைசியில மனுஷன் முடிச்சுக் குடுத்துட்டான்."

அவன் முகத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். கிண்டல் இல்லை. அந்தத் தேதி, மாலக்கி வந்து உட்கார்ந்த அன்றே அந்தச் சமையலறையில் அவன் கண்ணெதிரே ஒட்டியிருந்த தேதி. ஆனாலும் அவன் நம்பினான். மூன்று தலைமுறையாக நம்பிப் பழகிய குடும்பம்.

"குடு அந்தக் கடுதாசிய," என்றாள்.

திங்கட்கிழமை காலை பை தயாராக இருந்தது. குளிர்பதனப் பெட்டியில் ஆஸ்பத்திரிக் கடிதம் இருந்த இடத்தில் மாலக்கியின் கடிதத்தைத் திருப்பி ஒட்டியிருந்தாள். பின்பக்கம் முழுக்க அவள் கையெழுத்து. ஆறு மணி மருந்து, ஏழு மணி துடைப்பு, எட்டு மணி கரண்டி, பகல் பராமரிப்பு நிலையத்து வண்டி, மூன்று மணிக்கு வீடு, இரவு மூன்று முறை திருப்புவது. ஆறு வாரத்துக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயர். டோனல், டோனல், டோனல். ஞாயிறு மதியம் பெர்னி.

செவ்வாய், வியாழன் மாலைகளுக்கு எதிரே மாலக்கி டியர்னன்.

டோனல் கையில் கரண்டியுடன் வந்து பார்த்தான்.

"என்ன கூத்து இது? அவர் ஒரு எம்.பி., தெரியுமாடி!"

"அதனால என்ன? எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஊரே கேட்கப் படிச்சாரே."

"நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவர்கிட்ட போய்க் கேட்பேன்?"

"மாலக்கிகிட்ட கேட்டா நடக்கும்," என்றாள் இமெல்டா. "நீதான சொன்ன?"

காஹலின் நெற்றியில் முத்தமிட்டாள். குனிந்தபோது வலித்தது. பையைத் தூக்காமல் அதன் சக்கரத்தில் இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பின்னால் காஹல் பசியில் குரல் கொடுத்தான். பத்தொன்பது வருஷமாக அந்தக் குரலுக்கு ஓடிய கால் திரும்பப் பார்த்தது. அவள் திரும்பவிடவில்லை.

டோனல் தாளின் அடிப்பகுதிக்கு அப்போதுதான் வந்திருந்தான். அங்கே ஓரத்தில் கோடு போட்டு எழுதியிருந்தது: "இதில் எல்லா வரியையும் படிக்கலாம். கட்சிக் கூட்டத்தில் என்றால், சத்தமாக."